உப்புக் காற்றில் சங்கத்தின் பழைய வண்டி

நூலைத் தறிக்குக் கொண்டு சேர்ப்பதற்கும், நெய்த துணியை விற்பனை நிலையத்துக்கு அனுப்புவதற்கும், தேங்காயையும் நெல்லையும் களத்திலிருந்து எடுத்து வருவதற்கும் இன்று பல சங்கங்கள் சொந்தமாகச் சிறு சரக்கு மோட்டார் ஒன்றை வைத்திருக்கின்றன. அது பெரும்பாலும் பழைய வண்டியாகவே இருக்கின்றது. புது வண்டி வாங்கச் சங்கத்தின் நிதி இடந்தராதபோது, உள்ளதைப் பழுதுபார்த்து ஓட்டுவதா, அதிகப் பளு ஏற்றும்படி மாற்றியமைப்பதா என்ற கேள்வி நிர்வாகக் குழுவில் எழுவது இயல்பு. அக்கேள்வியை இம்மாதம் ஆராய்வோம்.

கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலோர ஊர். அங்கே மீன்பிடித் துறைமுகம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வழியே செல்கின்றது. கடலை விட்டு உள்ளே வந்தால் தென்னந்தோப்புகளும் வயல்களும் காணலாம். அப்பகுதியில் ஒரு சங்கத்துக்கு ஆய்வின்பொருட்டுச் சென்றிருந்தோம். சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுகையில், "சங்க வண்டியின் பின்புறம் ஸ்பிரிங் பட்டை இரண்டு கூடுதலாகப் போடுவதென்றும், பக்கப் பலகைகளை ஒன்றரை அடி உயர்த்துவதென்றும்" ஏகமனதாக முடிவு செய்திருந்ததைக் கண்டோம். காரணம் கேட்டபோது மூத்த அங்கத்தினர் ஒருவர், "மூன்று நடை போகிற இடத்தில் இரண்டு நடை போனால் டீசல் மிச்சந்தானே, ஐயா?" என்றார். கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. கூடியிருந்த எல்லோரும் தலையசைத்தனர்.

வண்டி, நம் மக்கள் 'குட்டி யானை' என்று அன்போடு அழைக்கும் டாடா ஏஸ். 2005-ஆம் ஆண்டில் அது சந்தைக்கு வந்தது. அதன் முதல் வகையில் இரண்டு சிலிண்டர் கொண்ட 702 சி.சி. டீசல் யந்திரம், அதன் ஆற்றல் 16 குதிரைச் சக்தியே. ஏற்றத்தக்க பளு சுமார் 750 கிலோ. பெயரில் யானை இருப்பதால் யானைப் பளுவை ஏற்றலாம் என்று எண்ணிவிடலாகாது. 40 கிலோ நெல் மூட்டையாயின் 18 மூட்டைகள் 720 கிலோவாகும். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சங்கத்தாரோ 30 மூட்டை ஏற்ற விரும்பினர்.

நாம் யந்திரப் பொறியியல் கற்றவரல்லோம்; கல்லூரியில் கற்றது பொருளாதாரமே. எனினும் கூட்டல் கணக்குப் போட அது போதும். வெற்று வண்டி சுமார் 800 கிலோ எடையுள்ளது. 750 கிலோ ஏற்றினால் மொத்தம் 1550. முப்பது மூட்டைகளின் எடையாகிய 1200 கிலோவை ஏற்றினால் மொத்தம் 2000. அதாவது பிரேக் நிறுத்தவேண்டிய எடை ஏறத்தாழ முப்பது விழுக்காடு கூடிவிடுகின்றது. ஸ்பிரிங் பட்டை இரண்டு சேர்த்ததனால் பிரேக் லைனர் அகலமாகிவிடுமா? அச்சு தடித்துவிடுமா? சக்கரத்தின் பேரிங்கும் டயரும் சேசிஸும் அன்று தொழிற்சாலையிலிருந்து வந்தபடியேதானே உள்ளன? வண்டியின் பின்பக்கம் தாழாமல் நிமிர்ந்து நிற்பதைக் கண்டு நாம் ஏமாறுகின்றோம். முன்னர் ஸ்பிரிங் வளைந்து தாங்கிய அதிர்ச்சி, அது விறைத்துப்போனபின் சேசிஸுக்கே நேராகச் செல்கின்றது. பளு பின்னச்சுக்கும் பின்னால் தள்ளி நிற்குமாயின், முன்சக்கரங்களின் பிடி குறைந்து ஸ்டியரிங் இலேசாகிவிடும். மழைக்காலத்தில் கடற்கரைச் சாலையில் அது எத்தகைய ஆபத்து என்பதை ஓட்டுநர்கள் அறிவார்கள்.

சட்டமும் இதற்கு இடந்தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கின்றது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். மிகைப் பளுவுக்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தனி. உரிமையாளர் இங்கே யார்? சங்கம்! ஆகவே அபராதம் அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பங்கிலிருந்தும் போகின்றது. இவற்றோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் வழக்காட நாமே காரணம் எடுத்துக் கொடுத்தவராவோம். மிச்சமாகும் ஒரு நடை டீசல் எத்தனை ஆண்டுக்கு இந்த ஓர் அபராதத்தை ஈடுசெய்யும் என்று காரியதரிசியிடம் கேட்டோம். அவர் பென்சிலை எடுத்தார், பின்னர் வைத்துவிட்டார்.

இவ்வளவோடு நாம் திரும்பியிருந்தால் தீர்மானம் ரத்தாகியிருக்கும். வண்டியின் உண்மை நிலை தெரியாமலே போயிருக்கும். நற்காலமாக, ஸ்பிரிங் பட்டைக்கு அளவெடுக்கப் பட்டறை மேஸ்திரி அன்றே வந்திருந்தார். அவர் வண்டிக்கு அடியில் புகுந்து, சிறு சுத்தியலால் சேசிஸை இடம் இடமாகத் தட்டினார். நல்ல இரும்பு கணீரென்று ஒலித்தது. பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் பிடியின் அருகே தட்டியபோது ஒலி மங்கி, துரு செதில் செதிலாக உதிர்ந்தது. பிரேக் ஆயில் செல்லும் இரும்புக் குழாயும் ஓரிடத்தில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. "இந்தப் பிடியிலேதான் இன்னும் இரண்டு பட்டை ஏற்றச் சொன்னீர்கள்" என்று கூறி அவர் கையைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் அதே வண்டியில் நூல் மூட்டைகளோடு இரண்டு நெசவாளர்கள் பின்தட்டில் அமர்ந்து வந்திருந்தனர். சரக்குத் தட்டில் ஆட்களை ஏற்றுதல் கூடாதென்பது வேறு செய்தி.

இத்துரு எங்கிருந்து வந்தது? கடற்காற்று ஒரு காரணம். ஆனால் அதே ஊரில் அதே வயதுடைய வேறு வண்டிகள் இவ்வளவு கெடவில்லை. கணக்குப் புத்தகத்தில் விடை இருந்தது. சங்க வேலை இல்லாத நாட்களில் வண்டியை மீன் ஏற்றுவதற்கு வாடகைக்கு விட்டிருந்தனர். வரவுப் பக்கத்தில் அவ்வாடகை ஒழுங்காக ஏறியிருந்தது. ஐஸ் உருகி, மீனின் உப்பு நீரோடு கலந்து, தட்டின் இடுக்குகள் வழியாகச் சேசிஸுக்குள் இறங்கியதோ எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை. தண்ணீர் மட்டும் பட்டாலே இரும்பு துருப்பிடிக்கும். உப்புக் கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் துரு பன்மடங்கு விரைவில் பரவும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையதாதலின், வண்டி உலர்ந்ததாகத் தோன்றும்போதும் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும்.

இவ்விடத்தில் நமது பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு கடலோரச் சங்கத்தில், வண்டியின் அடிப்பகுதியைக் கழுவி வர்ணம் பூசிய செலவை "தவிர்த்திருக்கத்தக்க செலவு" என்று நாமே குறிப்பெழுதினோம். அடுத்த ஆண்டு அச்செலவை அவர்கள் செய்யவில்லை. அதற்கடுத்த ஆண்டு சேசிஸில் ஒட்டு வைக்கவேண்டி வந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்தபோது குறிப்பெழுதிய பேனாவின் மேல் நமக்கே கோபம் வந்தது.

இனி, கடலோரத்தில் பழைய வண்டியைப் பேணும் முறையைக் காண்போம். முதலாவது நீர். மீன் ஏற்றிய அன்றே, மறுநாளைக்கு ஒத்திப்போடாமல், தட்டையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரால் கழுவவேண்டும். 'நல்ல தண்ணீர்' என்பதை அழுத்திச் சொல்கின்றோம். கடலோரத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பாயிருக்கும்; அதனால் கழுவுவது உப்பின் மேல் உப்பைத் தடவுவதேயாகும். தட்டிலும் கதவின் அடியிலும் சிறு வடிகால் துளைகள் உள்ளன. அவற்றைச் சேறும் மீன் செதிலும் அடைத்திருக்கும். கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். தட்டின்மேல் ரப்பர் விரிப்பை நிரந்தரமாகப் போட்டு வைப்பது பலருடைய வழக்கம். அது இரும்பை மறைக்கின்றதே அன்றிக் காப்பதில்லை. அடியில் ஈரம் தங்கி அரிக்கும். எடுத்து வைக்கக்கூடிய மரச்சட்டப் பலகையைப் பரப்பினால் நீர் கீழே ஓடும், காற்றும் புகும். நூல் மூட்டைக்கும் அதுவே நல்லது. மீன் ஏற்றிய தட்டில் நூலை நேரே வைத்தால், கறையும் வாடையும் ஏறிய நூலை எந்தச் சாயமும் மறைக்காது என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது வர்ணம். பழைய யந்திர எண்ணெயை அடியில் அடித்துவிட்டால் துரு வராது என்று கூறுவோர் உளர். அது ரப்பர் புஷ்களையும் பிரேக் ஹோஸையும் ஊறவைத்துக் கெடுக்கும், புழுதியை ஈர்க்கும், சொட்டி மண்ணையும் பாழாக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் உலோகம் தெரியுமட்டும் சுரண்டி, உலர்த்தி, துருக்காப்புப் பிரைமர் பூசி, அதன்மேல் அடிப்பூச்சு அடிப்பதே முறை. துருவின்மேலேயே தாரைப் பூசினால் நோய் உள்ளே இருக்கப் போர்வை போர்த்தியதாகும். வடிகால் துளைகளைப் பூச்சு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வேலைக்கு ஏற்ற காலம் எது? கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போது மீன் வாடகை குறைவு. வெயில் மிகுதி, பூச்சு நன்றாக உலரும். வடகிழக்குப் பருவமழைக்கும் மாதங்கள் இருக்கும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். எஃப்.சி. நாளையொட்டி அவசர அவசரமாக வர்ணம் அடிப்பதைவிட, இவ்விரண்டு மாதத்தில் மராமத்தை முடித்து வைப்பது சிக்கனம்.

மூன்றாவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. கடலோரத்தில் இது மிகுதி. நீர் கலந்த ஆயில் சூடேறும்போது ஆவியாகிப் பெடல் கால்வைத்ததும் 'சொத்'தென்று இறங்கிவிடும். உட்புறம் குழாயும் அரிக்கும். குறைந்தபோது மேலே ஊற்றி நிரப்புவதோடு நிற்காமல், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும். துருப்பிடித்த குழாயை ஒட்டவைத்து ஓட்டுதல் கூடவே கூடாது, புதியதே போடவேண்டும். செலவில் கைவைக்க வேறு இடங்கள் உள்ளன.

யந்திரத்தைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. நம் ஓட்டுநர்கள் அதை நன்கு அறிவர். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது திறந்து வடிக்க வேண்டும். டாங்கியைப் பாதி காலியாக இரவில் நிறுத்தினால் உள்ளே ஈரம் படியும். மாலையிலேயே நிரப்புவது நலம். கரும்புகை வந்தால் காற்று ஃபில்டரையும் இன்ஜெக்டரையும், நீலப்புகை வந்தால் யந்திர எண்ணெய் எரிவதையும் கவனிக்க வேண்டும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்ற வேண்டும். பாட்டரியின் எர்த் கம்பி சேசிஸில் சேருமிடத்தில் துரு ஏறினால் விளக்கு மங்கும், ஸ்டார்ட்டர் திணறும். புதுப் பாட்டரி வாங்குமுன் அந்த நட்டைக் கழற்றித் தேய்த்துப் பார்க்கவும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. பக்கத்தில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். 'புதுசு' என்று விற்கப்படும் டயரை வாங்குமுன் காரியதரிசி இதைப் படித்துப் பார்ப்பது உத்தமம்.

கோட்டைப்பட்டினம் பகுதியிலுள்ள அச்சங்கத்தின் வண்டிக்கு வருவோம். குழு மீண்டும் கூடி முந்தைய தீர்மானத்தை ரத்துசெய்தது. அதே பணத்தில் ஸ்பிரிங் பிடியும் பிரேக் குழாயும் புதிதாகப் போட்டு, அடிப்பூச்சு அடித்து, மரச்சட்டப் பலகையும் கழற்றக்கூடிய படுதாவும் செய்துகொண்டனர். மூன்று நடை மூன்று நடையாகவே இருக்கின்றது. ஆனால் திரும்பும் நடை வெறுமையாக வராதபடி, பக்கத்து நெசவாளர் சங்கத்தின் நூலை ஏற்றிவர ஏற்பாடு செய்தார்கள். பிறருக்கான மீன் வாடகையை விடுவதா என்று நீண்ட வாதம் நடந்தது. முடிவில், கழுவும் கூலியையும் ஆண்டுப் பூச்சுச் செலவின் பங்கையும் சேர்த்து வாடகையை உயர்த்தினர். உயர்ந்த வாடகைக்குச் சிலர் வரவில்லை. நமது கருத்தில் அதனால் நஷ்டமில்லை. மூத்த அங்கத்தினர் இன்னமும் ஒப்பவில்லை.

மற்றொரு செய்தி. தேய்மானத்தைக் கணக்கில் ஆண்டுதோறும் எழுதிவிட்டு, அத்தொகையை நடப்புச் செலவில் கரைத்துவிடுதல் பல சங்கங்களில் உள்ள குறை. தேய்மானமாக எழுதிய தொகையை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் தனி வைப்பாக வைத்தாலன்றி, வண்டி ஓயும் நாளில் புது வண்டிக்குக் கையில் ரொக்கம் இராது.

வண்டிப் பதிவேட்டில் நாள், புறப்பட்ட கிலோமீட்டர், திரும்பிய கிலோமீட்டர், ஏற்றிய பொருள், அதன் எடை, ஊற்றிய டீசல், கழுவிய விவரம், ஓட்டுநரின் கையொப்பம் ஆகிய எட்டுப் பத்திகள் போதும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை மாதக் கடைசியில் காரியதரிசி வகுத்துப் பார்த்துச் சிவப்பு மையில் எழுதட்டும். இரண்டு மாதம் தொடர்ந்து அவ்வெண் குறைந்தால் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பவும். நாம் அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது, ரொக்கப் புத்தகத்தை அடுத்து அந்தப் பதிவேட்டைத்தான் கேட்போம். கழுவிய விவரப் பத்தி காலியாக இருந்தால் வண்டிக்கு அடியிலும் குனிந்து பார்ப்போம்.