நிறம் பிறகு, தலைப்பு முதலில்

உங்கள் பள்ளிக்கு ஒரு வலைத்தளம் அமைக்கும் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்தால் எங்கே தொடங்குவீர்கள்? பெரும்பாலோர் நிறத்தையும் படத்தையும் தேடத் தொடங்குவார்கள். அது வீடு கட்டுமுன் சுண்ணாம்பு வாங்குவதை ஒக்கும். எந்தச் செய்தி எந்தத் தலைப்பில் அமைய வேண்டும் என்பதே முதல் வேலை. கணிப்பொறிகள் நம் ஊர்களை எட்டுவதற்கு முன்பே இந்த வேலையைப் பேரளவில் செய்தவர் ஒருவர் உண்டு.

கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்தியாலயம் உள்ளது. அதை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம், 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் தோற்றுவித்தார். கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்துக்கு முதன்மை ஆசிரியராக இருந்தவர், வித்தியாலயத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய பெ. தூரன். முதல் தொகுதி 1954-இல் வெளிவந்தது. பத்தாம் தொகுதி 1968-இல்.

கலைக்களஞ்சியம் அகரவரிசையில் அமைவது. ஆகவே, முதல் தொகுதியை அச்சிடுமுன்பே கடைசித் தொகுதி வரைக்கும் தலைப்புகளைத் திட்டமிட்டாக வேண்டும். ஏன்? தவளையைப் பற்றிய செய்தியை எங்கே வைப்பது என்று எண்ணிப் பாருங்கள். ‘தவளை’ என்றே வைக்கலாம். ‘இருவாழ்விகள்’ என்ற பொதுத் தலைப்பிலும் அடக்கலாம். ‘இ’ முந்தி வருகிறது. ‘த’ பல ஆண்டுகள் கழித்தே வரும். ‘த’-வில் எழுதிக்கொள்ளலாம் என்று ‘இ’-யில் விட்டுவிட்டு, பிறகு ‘த’-விலும் மறந்துவிட்டால் தவளை களஞ்சியத்திலேயே இராது! இரண்டிலும் எழுதினால் பக்கம் வீண். ஓரிடத்தில் எழுதி, மற்ற இடத்தில் ‘பார்க்க’ என்று குறிப்பதே வழி. வலைத்தளத்தில் ‘இணைப்பு’ என்கிறோமே, அது இந்தப் ‘பார்க்க’வின் தம்பிதான்.

திட்டமிட்டாலும் காலம் காத்திருப்பதில்லை. 1957-இல் சோவியத் ஒன்றியம் முதல் செயற்கைத் துணைக்கோளை ஏவியது. ‘அண்டவெளி’ என்பதற்குரிய ‘அ’வோ 1954-லேயே அச்சேறிவிட்டது! பத்தாம் தொகுதி இணைப்புத் தொகுதியாக வந்தது இத்தகைய தேவைகளுக்காகத்தான்.

வலைத்தளத்தில் எந்த நாளிலும் பக்கம் சேர்க்கலாம். இந்த வசதியே ஆபத்தும் ஆகிறது. நினைத்தபோதெல்லாம் சேர்த்த பக்கங்கள், சந்தை முடிந்த திடல்போலச் சிதறிக் கிடக்கும்.

இதோ ஒரு சோதனை. பழைய அழைப்பிதழ்களை வெட்டி முப்பது சீட்டுகள் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செய்தியை எழுதுங்கள்: தேர்வு அட்டவணை, சேர்க்கை விண்ணப்பம், தோட்டத்து மூலிகைகள், பேருந்து நேரம், விளையாட்டு விழாப் படங்கள். சீட்டுகளைக் கலைத்து ஒரு நண்பரிடம் கொடுத்து, தொடர்புள்ளவற்றைச் சேர்த்து அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் அவரே பெயர் வைக்கட்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது, இதுதான் கடினம்! பிறகு வேறு நால்வரிடமும் தனித்தனியே கொடுங்கள். ஒருவராவது உங்கள் அம்மாவாகவோ பாட்டியாகவோ இருப்பது நல்லது. தளத்தைப் பார்க்கப்போவோர் மாணவர்கள் மட்டுமல்லவே.

ஐவரும் ஒரே அடுக்கில் வைத்த சீட்டுகளுக்குச் சிக்கல் இல்லை. மூலிகைகளை ஒருவர் ‘அறிவியல்’ என்றும், மற்றொருவர் ‘நம் பள்ளி’ என்றும் வைத்தால்? ஓரிடத்தில் பக்கத்தை அமைத்து, மற்ற இடத்திலிருந்து இணைப்புக் கொடுங்கள். எவரும் எங்கும் சேர்க்காத சீட்டு இருந்தால், அச்செய்தி வேண்டியதுதானா என்று கேளுங்கள். ‘மற்றவை’ என்று ஓர் அடுக்கு வைத்து எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடாதீர்கள்.

இறுதியாக, அடுக்குகளின் பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, இதுவரை சீட்டுகளைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்: “சேர்க்கை விண்ணப்பம் இவற்றுள் எதில் இருக்கும்?” அவர் விரல் தயங்கும் இடத்தில் பெயரை மாற்றுங்கள்.

தூரனின் பத்துத் தொகுதிகளும் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வலைத்தளத்தில் உள்ளன. திறந்து, தவளை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.