பன்றி இறைச்சியும் தோடம்பழச் சாறும்: அடுப்படியில் ஒரு பாடம்

தெரணியகலைத் தோட்டங்களில் நத்தாருக்கோ சம்பள நாளுக்கோ பன்றி இறைச்சி சமைக்கும் வீடுகள் உண்டு. அப்படியொரு வீட்டில் ஒருமுறை நமக்கும் இராச்சாப்பாடு கிடைத்தது. விலா எலும்போடு வெட்டிய தடித்த துண்டுகள். 'சொப்ஸ்' என்போமே, அவைதான். வெளியே நன்றாகச் சிவந்திருந்தன. உள்ளே வெட்டினால் இளஞ்சிவப்பு நீர் வடிந்தது. "தேசிக்காய்ப் புளியிலேயே பாதி வெந்திருக்கும், சாமி" என்றார் அந்த அம்மா. அன்போடு சொன்ன அந்தச் சொல்லில் ஆபத்து இருந்தது. துண்டுகளை மீண்டும் அடுப்பிலேற்றிய பின்பே சாப்பிட்டோம்.

புளி செய்வதும் செய்யாததும்

புளிப்பு இறைச்சியை வெளிறச் செய்யும், வெந்ததுபோல் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் புழுவைக் கொல்வதற்கு அதை நம்ப முடியாது. கொல்வது வெப்பமே. மனித மலம் கலந்த இடத்தில் மேயும் பன்றியின் சதையில் நாடாப்புழுவின் இளம்பருவம் சிறு கொப்புளங்களாக இருக்கக்கூடும். அரைவேக்காட்டில் உண்டால் அது நம் குடலில் வளரும். அவ்வாறு புழு வளர்ந்தவரின் மலத்தில் வெளியாகும் முட்டைகள், கழுவாத கையாலோ அசுத்த நீராலோ இன்னொருவர் வாய்க்குள் போனால், மூளையில் தங்கி வலிப்பையும் உண்டாக்கலாம். ஆகவே இப்பாடம் அடுப்போடு முடிவதில்லை, மலசலகூடத்தையும் தொடுகிறது.

செய்முறை (நால்வருக்கு)

1. விரல் தடிப்பான 4 துண்டுகளில் உப்பு, மிளகுத்தூள், நசுக்கிய உள்ளி தடவி அரை மணித்தியாலம் மூடி வையுங்கள்.
2. இரும்புத் தாச்சியில் சிறிது எண்ணெய் காயவிட்டு, பக்கத்துக்கு 4 நிமிடம் பொரியுங்கள். பின்பு மூடி, தணலில் 5 நிமிடம் வேகவிடுங்கள்.
3. எலும்போரம் வெட்டிப் பாருங்கள். நீர் தெளிவாக வர வேண்டும். சிவப்பு இருந்தால் இன்னும் வேகட்டும்.
4. துண்டுகளை எடுத்துவிட்டு, அதே தாச்சியில் 2 தோடம்பழச் சாறு, 2 மேசைக்கரண்டி கித்துள் பாணி, சிறிது இஞ்சி சேர்த்துப் பாதியாக வற்றவிடுங்கள்.
5. துண்டுகளை மீண்டும் போட்டுப் புரட்டினால் பாகு பளபளவென்று பிடிக்கும். பாணியை முதலிலேயே ஊற்றினால், உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும்.
6. இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழியுங்கள்.

பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் வேறெதற்கும் எடுக்காதீர்கள்.

இரத்தத்துக்கும் இது பாடம்

கொழுந்து பறிக்கும் நம் பெண்களிடம் இரத்தச்சோகை புதிதல்ல. இறைச்சியில் உள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் சேரும். கூட உண்ணும் கீரை, பருப்பின் இரும்பையும் சேர உதவும். தோடை, தேசியின் உயிர்ச்சத்து 'சி'யும் அப்படியே. சூட்டில் அது குறையும் என்பதால்தான் தேசிக்காயைக் கடைசியில் பிழிகிறோம். ஆனால் உண்டவுடன் சாயத்தண்ணி குடித்தால், கீரை, பருப்பின் இரும்பைத் தேயிலை தடுத்துவிடும். ஒரு மணித்தியாலம் பொறுப்போம்.

இறைச்சி வாங்க வழியில்லாத வீடுகளே அதிகம் என்பதையும் அறிவோம். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழிவதற்கும், தேநீரைத் தள்ளி வைப்பதற்கும் காசு வேண்டியதில்லை.

பன்றி வளர்ப்போருக்கு

2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கையில் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. மனிதருக்கு அது தொற்றாது. பன்றிகளுக்கோ பெரும்பாலும் உயிர் மிஞ்சாது. மிச்சமான இறைச்சியைப் பன்றிக்குப் போடாதீர்கள். பன்றிகள் காரணமின்றி இறந்தால் வெட்டி விற்காமல் மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. நம் லயத்தில் எத்தனை வீட்டுக்கு ஒரு மலசலகூடம் இருக்கிறது? அதைச் சீராக்க யாரிடம், எப்போது பேசப்போகிறோம்?
2. வீட்டில் இறைச்சித் துண்டு முதலில் யார் தட்டில் விழுகிறது? கர்ப்பிணித் தாய்க்கு என்ன மிஞ்சுகிறது?