கூதிர்காலத்து ஊர்ப்பயணம்

நுழையும்முன்

ஐப்பசி பிறந்ததும் பெருநகரங்களிலிருந்து பேருந்துகளும் தொடர்வண்டிகளும் மக்கள் நிறைந்து ஊர்களை நோக்கிச் செல்கின்றன. தீபாவளியை ஒட்டிய அப்பயணம், பேரப்பிள்ளைகள் தாத்தா பாட்டியரைக் காணும் பயணமாகவும் அமைகிறது. மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு, அப்பயணம் இளந்தலைமுறைக்கு வழங்கும் செல்வம் எது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

காத்திருப்பின் பருவம்

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்பட்டன. மேலைநாடுகளில் இக்காலத்தில் மரங்கள் இலைகளை உதிர்க்கின்றன. தமிழகத்திலோ வடகிழக்குப் பருவமழையால் நிலம் பசுமை கொள்கிறது. தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியளவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்கிறது.

பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை இப்பருவத்தைப் பின்னணியாகக் கொண்டது. பாசறையில் தங்கிய தலைவனைப் பிரிந்து அரண்மனையில் வருந்தும் தலைவியின் நிலையை நக்கீரர் அதில் காட்டுகிறார். எனவே, இலக்கியத்தில் கூதிர் என்பது பிரிந்தவர் வரவை எதிர்நோக்கும் காலமாகவும் விளங்குகிறது. இன்றும் மதுரை வட்டாரச் சிற்றூர்களில் ஐப்பசி மாதம் காத்திருப்பின் மாதமே ஆகும். வெளியூர்களில் வாழும் பிள்ளைகள் வரும் நாளை எண்ணி, அதிரசத்திற்குப் பச்சரிசி ஊறவைக்கும் முதியோர் இல்லாத தெரு அரிது.

ஆற்றோடு ஒரு வழி

சென்னையிலிருந்து மதுரை ஏறத்தாழ 460 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1977ஆம் ஆண்டு முதல் ஓடும் வைகை விரைவு வண்டி, பகற்பொழுதில் இவ்விரு நகரங்களையும் இணைக்கிறது. திண்டுக்கல்லைக் கடந்து சோழவந்தானை நெருங்கும்போது, நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சாளரத்தின் வழியே தென்படுகின்றன.

இப்பசுமைக்குப் பின்னே நெடிய வரலாறு உண்டு. மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணை, 1895ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. பென்னிகுவிக் தலைமையில் அமைந்த இத்திட்டத்தால், பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகைப் படுகையை அடைகிறது. 1959ஆம் ஆண்டில் வைகை அணையும் பயன்பாட்டிற்கு வந்தது. பேரணையில் பிரியும் பெரியாறு முதன்மைக் கால்வாய், கள்ளந்திரி வரை இருபோக நிலங்களையும் அதற்கு அப்பால் மேலூர்ப் பகுதியின் ஒருபோக நிலங்களையும் வளப்படுத்துகிறது. வண்டியில் அமர்ந்திருக்கும் சிறுவனுக்கு இது வெறும் பசுங்காட்சி. கால்வாயில் நீர் வரும் நாளுக்காக வரப்பில் நின்று காத்திருந்த தாத்தாவுக்கோ இது வாழ்க்கை.

சொற்களின் களஞ்சியம்

ஊரை அடைந்ததும் பேரப்பிள்ளைகள் முதலில் பெறுவது உறவின் சொற்களை. நகரத்தில் ‘பாட்டி’ என்னும் ஒரு சொல்லே இருவரையும் குறிக்க, மதுரை வட்டாரத்தில் தந்தையின் தாய் ‘அப்பத்தா’ என்றும் தாயின் தாய் ‘அம்மாச்சி’ என்றும் அழைக்கப்படுகின்றனர். யார் யாருக்கு எவ்வழியில் உறவு என்பதை அழைக்கும் சொல்லே உணர்த்திவிடுகிறது.

அடுத்துப் பெறுவது நிலத்தின் சொற்களை. தமிழகத்தின் வடபகுதியில் ஏரி எனப்படும் நீர்நிலை, இங்குக் கண்மாய் எனப்படுகிறது. கண்மாய்க்கு நீரைக் கொணர்வது வரத்துக்கால். நீர் தேங்கும் பரப்பு உள்வாய். வயலுக்கு நீரைத் திறந்துவிடும் வழி மடை. மிகுந்த நீர் வழிந்தோடும் கட்டுமானம் கலிங்கு. கண்மாய் நிறைந்து நீர் வெளியேறுவதை ‘மறுகால் பாய்கிறது’ என்பர். ஊரார் சார்பில் வயல்களுக்கு முறைவைத்து நீர் பாய்ச்சுபவர் நீர்ப்பாய்ச்சி ஆவார். இச்சொற்களை அகராதியிலும் காணலாம். ஆயினும், மழை ஓய்ந்த காலையில் கண்மாய்க்கரையில் தாத்தாவுடன் நடக்கும் பேத்திக்கு, ஒவ்வொரு சொல்லும் தான் குறிக்கும் பொருளோடு சேர்ந்தே கிடைக்கிறது. எந்த ஆண்டில் கரை உடைந்தது, எந்த வரத்துக்கால் தூர்ந்தது என்னும் செய்திகளை அவள் அறிவதும் அந்நடையில்தான்.

நினைவு காத்த நிலம்

இத்தகைய அறிவின் பயனை உணர்த்த, மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியே தக்க சான்றாகும். குன்றுகள் சூழ்ந்த இவ்வூர்ப் பகுதியில் 72 நீர்நிலைகளும் 200 இயற்கைச் சுனைகளும் 3 தடுப்பணைகளும் உள்ளன. குன்றில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்துக் கல்வெட்டும் காணப்படுகின்றன. 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக இப்பகுதி அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு இப்பகுதியையும் உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலம் நடைபெற்றபோது ஊர்மக்கள் ஒன்றுதிரண்டு எதிர்த்தனர். 2025 ஜனவரியில் அவ்வேலம் கைவிடப்பட்டது. சுனையையும் குன்றையும் பெயர் சொல்லி அறிந்தவர்களால்தான் அவற்றை இழக்க நேரும்போது குரல் எழுப்ப முடியும். பெயரறியாத தலைமுறைக்கு இழப்பு இன்னதென்றே தெரியாது.

குறுகிவரும் நாள்கள்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களில் 48.4 விழுக்காட்டினர் நகரங்களில் வாழ்ந்தனர். பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். பிள்ளைகள் தொழில் நாடி நகரம் செல்லப் பெற்றோர் ஊரிலேயே தங்குவது பல குடும்பங்களின் நிலையாயிற்று. இவர்களுள் எவரையும் குறைகூற இயலாது. தாம் பட்ட துன்பம் பிள்ளைகள் படலாகாது எனக் கருதி, அவர்களைப் படிக்க வைத்து நகரத்திற்கு அனுப்பிய முதியோர் பலர். எனினும், பண்டிகையின் பொருட்டு வரும் குடும்பம் இரண்டு நாள்களில் திரும்பிவிடுகிறது. அவ்விரண்டு நாள்களிலும் பிள்ளைகளின் பார்வை கைப்பேசியில் நிலைத்திருந்தால், அருகிருந்தும் காத்திருப்பு முடிவுறுவதில்லை.

பிறந்த ஊர் நோக்கிய பயணம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கொரிய மக்கள் இலையுதிர்கால முழுநிலவு நாளில் ‘சூசோக்’ விழாவைக் கொண்டாடப் பூர்விக ஊர்களுக்குத் திரும்புகின்றனர். அப்போது குடும்பத்தார் கூடி அமர்ந்து, நம் பூரணக் கொழுக்கட்டையை ஒத்த ‘சோங்பியோன்’ என்னும் பண்டத்தைச் செய்கின்றனர். கைகள் சேர்ந்து வேலை செய்யும்போது முதியோரின் பேச்சு இயல்பாகப் பிறக்கிறது. அடுப்பங்கரையில் அப்பத்தாவுடன் அதிரசம் தட்டும் சிறுமிக்கும் அவ்வாறே கதைகள் கிட்டுகின்றன.

முதியோர் பிள்ளைகளிடம் எதிர்பார்ப்பது புத்தாடையும் இனிப்பும் மட்டுமல்ல. தம் அறிவு கேட்கப்பட வேண்டும் என்பதே அவர்தம் உள்ளத்து விருப்பம். கேட்பவர் இல்லாதபோது, ஒரு முதியவருடன் ஓர் ஊரின் வரலாறும் மறைகிறது. கேட்கும் பேரப்பிள்ளை ஒருவர் இருப்பின், அவ்வரலாறு மேலும் ஒரு தலைமுறை வாழும்.

தெரியுமா?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச்சட்டம் 2007ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இச்சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்னும் சொல், வயதுவந்த பேரன் பேத்தியரையும் உள்ளடக்கும். முதியோர் உதவிக்கான தேசியத் தொலைபேசி எண் 14567.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலைகளைக் குறித்து மூத்தோரிடம் கேட்டு, அவர்கள் வழங்கும் வட்டாரச் சொற்களைத் தொகுக்க.
2. ‘பெயரறியாத தலைமுறைக்கு இழப்பு இன்னதென்றே தெரியாது’ – இக்கூற்றை உம் பகுதிச் சான்றுடன் விளக்குக.