வழித்துணை

நுழையும்முன்

பிழைப்புத் தேடி ஊர்விட்டுச் செல்பவரிடம் பெரும்பாலும் பொருள் இருப்பதில்லை; உடன்வரும் துணையே அவருடைய செல்வம். அத்துணையை உழைப்புச் சூழல் எவ்வாறு சோதிக்கிறது என்பதை இரு புதினங்களின் வழியே இப்பாடம் ஆராய்கிறது.

ஜார்ஜும் லென்னியும்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் இளமையில் கலிஃபோர்னியப் பண்ணைகளில் வேலை செய்தவர். 1962ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்றவர். இவருடைய 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' என்னும் சிறு புதினம் 1937இல் வெளிவந்தது. பண்ணை பண்ணையாக வேலை தேடி அலையும் இருவரின் நட்பே இதன் கரு. லென்னி மலைபோன்ற உடலும் குழந்தை மனமும் கொண்டவன். தன் வலிமையைத் தானே அறியாதவன். ஜார்ஜ் அவனைக் கடிந்துகொள்வான், ஆனால், கைவிடமாட்டான். சிறிது நிலம் வாங்கி, முயல் வளர்த்து, எவருக்கும் அடங்காமல் வாழ்வது அவர்களின் கனவு.

அக்கனவு பிறரையும் ஈர்க்கிறது. வேலையில் ஒரு கையை இழந்த முதியவர் கேண்டி, தம் சேமிப்பைத் தர முன்வருகிறார். கறுப்பினத்தவர் என்பதால் தனியறையில் ஒதுக்கப்பட்ட க்ரூக்ஸும் அதில் இடம் கேட்கிறார். அவர்கள் நாடியது நிலத்தை மட்டுமன்று. தம்மைத் தம்மவர் என ஏற்கும் மனிதரையும்தான்.

கேண்டியின் வயதான நாயை வேறொருவர் சுட்டுக் கொல்கிறார். அதைத் தாமே செய்திருக்க வேண்டும் எனக் கேண்டி பின்னர் வருந்துகிறார். புதினத்தின் முடிவுக்கான திறவுகோல் இதுவே. லென்னி தன்னறியாமல் ஓர் உயிரைப் பறித்துவிட, அவனைக் கொல்லக் கூட்டம் துரத்துகிறது. அப்போது ஜார்ஜ், கனவு நிலத்தைப் பற்றிப் பேசியபடியே நண்பனின் வாழ்வைத் தன் கையால் முடிக்கிறான். அது இரக்கமா, இரண்டகமா? ஆசிரியர் தீர்ப்புக் கூறவில்லை.

பனிக்காட்டில் இருவர்

வால்பாறைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' 1969இல் வெளிவந்தது. இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். 1920களில், திருநெல்வேலிச் சீமையின் மயிலோடையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மலையேறுகின்றனர். சில காலம் உழைத்துப் பணம் சேர்த்து ஊர் திரும்பலாம் என்பது மேஸ்திரி காட்டிய ஆசை. ஆனால், வாங்கிய முன்பணம் தீராக் கடனாகிறது. மலேரியா உயிர்களைப் பறிக்கிறது. கணவன் மனைவியாகிய அவர்கள் ஒருவருக்கொருவர் ஊன்றுகோலாகின்றனர்.

இரண்டு துயரங்கள்

ஜார்ஜுக்கும் லென்னிக்கும் ஓரிடத்தில் நிலைக்க முடியவில்லை. கருப்பனுக்கும் வள்ளிக்கும் ஓரிடத்தைவிட்டு வெளியேற முடியவில்லை. முன்னதில் வேர் இல்லை. பின்னதில் விடுதலை இல்லை. இரு சூழல்களிலும் மனிதரை மனிதராக வைத்திருப்பது துணை ஒன்றே. ஆயினும், அன்பு மட்டும் அவர்களைக் காக்கப் போதவில்லை. நியாயமான கூலியும் பாதுகாப்பும் இல்லாத இடத்தில் அன்பும் தோற்கும் என்பதே இரு புதினங்களும் உணர்த்தும் உண்மை. தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951இல்தான் இயற்றப்பட்டது.

கற்பவை கற்றபின்

1. ஜார்ஜின் இறுதிச் செயல் நட்பின் வெளிப்பாடா? கேண்டியின் வருத்தத்தோடு ஒப்பிட்டு விவாதிக்க.

2. முன்பணம் மனிதரை எவ்வாறு கட்டிப்போடுகிறது? கருப்பன், வள்ளி வாழ்வைக் கொண்டு விளக்குக.

3. சென்னை நங்கநல்லூர் போன்ற பகுதிகளில் அடுக்ககம் கட்டும் பணிக்கு வெளிமாநிலத்தவர் வருகின்றனர். உங்கள் பகுதிக்கு அவ்வாறு வந்த ஒருவரின் இசைவு பெற்று உரையாடி, அவருடைய வழித்துணை யார் என்பதைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.