மணிக்கணக்கு

அன்புள்ள இளவலுக்கு,

ஆலோசனை நிறுவனம் என்பது பணியாளரின் நேரத்தையும் அறிவையும் வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் விற்று, பெறும் கட்டணத்துக்கும் கொடுக்கும் சம்பளத்துக்கும் இடையில் மிஞ்சுவதைக் கொண்டு நடப்பது. கட்டணம் வாங்கத்தக்க நேரத்தை அத்தொழிலில் ‘பில்லபிள் அவர்ஸ்’ என்றும், கையில் பணியின்றிச் சம்பளம் மட்டும் பெற்றுக் காத்திருக்கும் நிலையைப் ‘பெஞ்ச்’ என்றும் கூறுவர். இருபது முப்பது பேரே உள்ள இடத்தில் ஒரு வாடிக்கையாளர் விலகினாலும் அடுத்த மாதச் சம்பளம் கேள்விக்குறியாகிவிடுவதால், உரிமையாளர் எந்த வேலையையும் மறுக்கத் துணியாமல், நான்கு வாரப் பணியை இரண்டு வாரத்தில் முடித்துத்தருவதாக ஒப்புக்கொள்கிறார். அந்தச் சுமை இரவு 11 மணி வாட்ஸ்அப் செய்தியாக இளையவர் தலையில் இறங்குகிறது. நல்ல பொறியாளராக இருந்து நிறுவனம் தொடங்கியவர் ஆட்களை நடத்தவும் அறிந்தவராக இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, தான் பணிபுரியும் அத்தகைய இடத்தில் விழும் கடுஞ்சொல்லைத் தன் திறமைக்குறைவின் சான்றாக இளவல் எடுத்துக்கொள்வது பிழை. அப்படி எடுத்துக்கொள்வதே வீட்டாரையும் வருத்துகிறது.

வாடிக்கையாளருக்குச் செல்லும் ‘டைம்ஷீட்’ எனப்படும் நேரப் பதிவில் 8 மணிநேரம் என்று எழுதச் சொல்லி 12 மணிநேரம் வேலை வாங்கும் இடத்தில், உண்மையாக உழைத்த நேரத்தை நாள்தோறும் தனியே குறித்துவைப்பவரால்தான் அடுத்த பணிக்கு எத்தனை நாள் வேண்டும் என்று ஆதாரத்தோடு பேச இயலும். வாய்மொழிக் கட்டளையை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதிசெய்துகொள்வதும், வருங்கால வைப்புநிதிக்கென அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காடு பிடிக்கப்பட்டால் அது கணக்கில் சேர்ந்ததா என்று பாஸ்புக்கில் பார்ப்பதும் இதே கணக்கைச் சேர்ந்தவை.

குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்னும் உறுதிமொழிப் பத்திரமாகிய ‘பாண்டு’ பலரை அச்சத்தில் கட்டிப்போடுகிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவில், எழுதப்பட்ட தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டுக்கே இடமளிக்கிறது. முழுத்தொகையும் நிறுவனத்துக்குத் தானாக வந்துசேராது. விலகிய பின் அதே தொழிலைச் செய்யலாகாது என்னும் தடையும் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. வாடிக்கையாளரின் இரகசியங்களைக் காக்கும் கடமை மட்டும் தொடரும். மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் கொடுத்தால் போதும். வேறிடம் உறுதியான பின், அறிவிப்புக் காலம் முழுதும் பணிசெய்து, விடுவிப்புக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு இளவல் வெளியேறட்டும். அதுவரை ஞாயிற்றுக்கிழமையாவது மடிக்கணினி மூடியிருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்