சூரியனுக்கு முதுகைக் காட்டு



இலங்கை மலைநாட்டுத் தெமோதரையில் அந்தியைப் படம் எடுக்க எந்தக் கமரா நல்லது என்று கேட்டிருக்கிறாய், தம்பி. கையில் இருக்கும் சின்னக் கமராவே போதும். சூரியனைப் பிடிக்கும் ஆசையைத்தான் விடவேண்டும். கணக்கைப் பார். வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகை. சின்னக் கமராவின் அகன்ற பார்வையில், 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் அது ஏறக்குறைய 30 புள்ளிதான். அதுவும் வெளிறிய பொட்டாக விழும். கிட்ட இழுத்தால் ஆகாதா என்பாய். வில்லை நகரும் மட்டும் இழுக்கலாம். அதற்கு மேல் கமரா இருக்கிற புள்ளிகளை ஊதிப் பெருப்பிக்கிறது, அவ்வளவே. ஊரின் அமைப்பும் உனக்கு உதவாது. சூரியன் மறையும் நேரம் இங்கே நவம்பரில் 6 மணிக்கு முன்பு, ஜூலையில் 6.20க்குப் பின்பு. ஆனால் மலைகளுக்கு நடுவில் நிற்பவனுக்கு அந்த நேரம் வரும் முன்பே மேற்கு முகடு சூரியனை விழுங்கிவிடும். எல்லாரும் படம் எடுக்க ஓடுகிற ஒன்பது வளைவுப் பாலமும் பள்ளத்தில்தான் நிற்கிறது.

முகடு சூரியனை விழுங்கும் நேரம் திரும்பி நில். கிழக்கே நமுனுகுல மலை, 2000 மீற்றருக்கு மேல் உயரம். பள்ளத்துத் தோட்ட லயங்கள் மங்கிய பிறகும் அதன் நெற்றியில் வெயில் நிற்கும், செம்மையாக. சூரியன் இல்லாமல் அந்திப் படமா என்று கேட்பார்கள். அந்தியின் நிறத்தைத் தீட்டுவது காற்று. சாய்ந்த வெளிச்சம் காற்றுக்குள் நெடுந்தூரம் வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போக, சிவப்பு மிஞ்சுகிறது. 1883 ஓகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின், செப்டம்பரில் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சூரியன் மாறவில்லை, நடுவில் இருந்த காற்று மாறியிருந்தது.

இதெல்லாம் கமராவுக்குத் தெரியாது. இருட்டைக் கண்டால் வெளிச்சமாக்கும், மஞ்சளைக் கண்டால் வெள்ளையாக்கும், எதைக் கண்டாலும் நடுத்தரமாக்கும். ஆகவே வெளிச்சத்தைத் திருத்தும் கூட்டல் கழித்தல் குறியுள்ள இடத்தில் கழித்தல் 1 வை. வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் வெயில் அல்லது மேகக் குறிக்கு மாற்று. பிளாஷை அணை, சில மீற்றருக்கு அப்பால் அது எட்டாது. இப்படித் திருத்தினால் பொய்ப்படம் ஆகாதா என்பது நியாயமான கேள்வி. தானியங்கியும் திருத்தமே, தெமோதரையைக் காணாத ஒருவர் முன்கூட்டிச் செய்து வைத்த திருத்தம். உன் கண் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதை நம்பு. போன் இதைவிட நன்றாக எடுக்குமே என்றால், பல வேளைகளில் எடுக்கும்தான். ஆனால் பல படங்களைச் சேர்த்து நிழலையும் துலக்கிவிடும். அந்தியில் நிழல் போனால் மிச்சம் பகல்தான்.

மலையின் வெயில் ஏறிப்போனால், வானம் இன்னும் இருபது நிமிடமாவது நிறம் மாறும். வெளிச்சம் குறைந்த அந்த நேரத்தில் கையின் ஆட்டம் படத்தைக் கலைக்கும். கமராவை ஒரு மதிலில் வைத்து, 2 செக்கன் தாமதம் கொடுத்து எடு. கோச்சிப் பாதையில் மட்டும் நிற்காதே. ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கம் போகிற ஊர் இது, கோச்சி எந்தப் பக்கம் வருகிறதென்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.