திரும்பினால் திரட்டுவார்

வேதபாடம்: உபாகமம் 30:1-5, நெகேமியா 1-ஆம் அதிகாரம்



இஸ்ரவேல் ஜனங்கள் கானானுக்குள் கால் வைப்பதற்கு முன்னமே மோசே ஒரு காரியத்தைச் சொல்லிவிட்டார். கீழ்ப்படியாமல் போனால் சிதறிப்போவீர்கள். ஆனாலும் சிதறிப்போன தேசத்திலே உணர்வடைந்து, முழு இருதயத்தோடு தேவனிடத்தில் திரும்பினால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர் திரட்டிக் கொண்டுவருவார். பாருங்க, ஜனங்கள் விழுவதற்கு முன்னாலேயே திரும்பிவருகிற வழியை தேவன் ஆயத்தம் பண்ணிவிட்டார்!

எபிரெய மொழியில் ‘ஷூப்’ என்று ஒரு வார்த்தை உண்டு. ‘திரும்பு’ என்று அர்த்தம். இந்த அதிகாரத்தில் ஜனங்கள் தேவனிடத்தில் திரும்புவதற்கும் அதே வார்த்தை, தேவன் அவர்கள் சிறையிருப்பைத் திருப்புவதற்கும் அதே வார்த்தை. நாம் திரும்பினால் அவர் திருப்புவார்.

இது வெறும் பேச்சாகப் போகவில்லை. கி.மு. 586-ல் எருசலேம் இடிக்கப்பட்டது. ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கி.மு. 539-ல் அந்தப் பாபிலோனே பெர்சிய ராஜாவாகிய கோரேசின் கையில் விழுந்தது. அவன் யூதரை ஊருக்குப் போகவிட்டான். முதலில் திரும்பினவர்கள் 42,360 பேர் என்று எஸ்றா 2-ஆம் அதிகாரம் கணக்கு சொல்லுகிறது.

ஆனாலும் வேலை முடியவில்லை. கி.மு. 445-ஐ ஒட்டி, சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவுக்கு, எருசலேமின் அலங்கம் இடிந்துகிடக்கிறது என்ற செய்தி வந்தது. அவர் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், மோசே சொன்ன அதே வாக்குத்தத்தத்தை தேவனுக்கு முன்பாக நினைப்பூட்டினார். கிஸ்லேவு மாதம் தொடங்கின ஜெபத்துக்கு நிசான் மாதத்தில் வாசல் திறந்தது. பிற்பாடு 52 நாளில் அலங்கம் கட்டி முடிந்தது.

அந்த ஜெபத்தைக் கவனியுங்க. எருசலேம் விழுந்து நூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நெகேமியா அப்போது பிறக்கவேயில்லை. “முன்னோர்கள் செய்த தப்பு, நான் என்ன செய்ய?” என்று அவர் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்கவில்லை. தானும் தன் தகப்பன் வீட்டாரும் பாவம் செய்ததாக அறிக்கையிட்டார். தானியேல் 9-ஆம் அதிகாரத்திலும் இதே ஜெபம்தான். ‘அவர்கள்’ என்று விரல் நீட்டுவது மனந்திரும்புதல் அல்ல. ‘நாங்கள்’ என்று தலை குனிவதே மனந்திரும்புதல்.

இதை எழுதுகிற எனக்கு வெட்கமாயிருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் காணிக்கைக் கணக்கைக் குறித்து ஒரு சகோதரன் கேள்வி கேட்டார். நான் சபை நடுவில் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் குடும்பத்தோடு நின்றுவிட்டார். பின்னாலே இன்னும் இரண்டு குடும்பங்கள் போயின. “ஆண்டவரே, அவர்களை உணர்த்தும்” என்று நான் சனிக்கிழமைதோறும் உபவாசித்து ஜெபித்தேன். ஒன்றும் அசையவில்லை.

ஒருநாள் வேதபாடத்துக்கு நெகேமியாவைத் தியானித்தபோது ஆவியானவர் என்னைக் குத்தினார்: “நீ யாருடைய பாவத்தை அறிக்கையிடுகிறாய்?” அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனேன். “அண்ணே, கணக்கு கேட்டது தப்பில்ல. பத்துப் பேர் முன்னால உங்கள அவமானப்படுத்தினதுதான் தப்பு. மன்னிச்சிருங்க” என்றேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, “ஐயாவுக்குக் காபி கொண்டா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவு செலவை சபைக்கு முன்பாக வாசித்தேன்.

அவர் இன்னும் ஆராதனைக்கு வரவில்லை. திரட்டுகிறது கர்த்தருடைய வேலை. திரும்புகிறது என் வேலை. அதை நான் இத்தனை நாள் அவர் தலையில் வைத்திருந்தேன்.

தேவபிள்ளையே, உன் வீட்டிலும் சிதறிப்போனவர்கள் உண்டா? பேசாத மகன், உறவு விட்ட தம்பி? அவர்களுக்காக முழங்கால் படியிடும்போது, முதலாவது உன் பங்கை அறிக்கையிடு. பிறகு எழுந்து அந்த வாசலுக்குப் போ. வாக்குத்தத்தம் செய்தவர் உண்மையுள்ளவர். ஆமென்.